குப்பிக்குள் மனித நொதி, சேற்றுக்குள் அதன் அளவுகோல்

மனித நொதி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்னும் வியப்பான செய்திதான். உலர்பனி நிரப்பிய தெர்மோகோல் பெட்டிக்குள், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குப்பியில் அது வந்து சேரும். வழக்கமான அளவு 50 மைக்ரோகிராம். ஒரு குன்றிமணியை இரண்டாயிரம் துண்டாக்கினால், ஒரு துண்டின் எடைகூட இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். ஈரம் நீக்கி உலர்த்திய நிலையில் வந்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. குப்பி காலியாக இருப்பதுபோலத் தோன்றும். அதன்மேல் ஒட்டிய சீட்டில் இரண்டு செய்திகள் தவறாமல் இருக்கும். ஒன்று, இது மறுசேர்க்கை முறையில் செய்த மனித நொதி. மற்றொன்று, இது ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டுமே, நோயாளிக்குக் கொடுப்பதற்கல்ல.

குப்பியோடு ஒரு தரத்தாளும் வரும். புரதத்தின் எடை, தூய்மை, செயல்திறன், எந்தச் செல்லில் வளர்த்தது, எத்தனை டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். அடிப்பக்கத்தில் எண்டோடாக்சின் என்று தொடங்கும் ஒரு வரி. பலர் அதைப் படிப்பதில்லை. அந்த வரியின் பின்னால் சிங்கப்பூரின் வடக்குக் கரைச் சேறு இருக்கிறது, அங்குள்ள லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் பக்கத்தில் தொடங்கிய ஒரு மருத்துவத் துறையின் கவலை இருக்கிறது, இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு காத்திருப்பு இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால், குப்பிக்குள் இருக்கும் நொதியைப் பார்த்துவிடுவோம்.

சிங்கப்பூரிலேயே அதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2020 மே மாதம், கொவிட் கிருமி உலகை முடக்கியிருந்த வேளையில், டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு ஒரு புதிய சோதனையை அறிவித்தது. வௌவால் வைரஸ்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அவர். ஜென்ஸ்கிரிப்ட் நிறுவனமும் ஏ-ஸ்டார் அமைப்பின் நோய்கண்டறி மேம்பாட்டு மையமும் கைகோத்து உருவாக்கிய அந்தச் சோதனைக்கு சிபாஸ் என்று பெயர். ஒருவர் உடலில் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதை அது சொல்லும்.

அதுவரை அதைத் தெரிந்துகொள்ள ஒரே நம்பகமான வழி, உயிருள்ள வைரஸையும் உயிருள்ள செல்லையும் நோயாளியின் சீரத்தோடு சேர்த்து வைத்து, செல் பிழைக்கிறதா என்று நாள் கணக்கில் காத்திருப்பது. உயிருள்ள கொவிட் வைரஸைக் கையாள மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். ஏழை நாடுகள் பலவற்றில் அப்படிப்பட்ட ஆய்வகங்கள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. வாங் லின்ஃபா குழு செய்தது என்னவென்றால், செல்லையும் வைரஸையும் நீக்கிவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று தொடும் இரண்டு புரதங்களை மட்டும் வைத்துக்கொண்டது. வைரஸின் பக்கம், அதன் கூர்ப்புரதத்தில் மனிதச் செல்லைப் பற்றும் பகுதி. மனிதரின் பக்கம், ஏசிஇ2 என்ற நொதி.

நெகிழித் தட்டின் குழிகளில் மறுசேர்க்கை ஏசிஇ2 பூசப்பட்டிருக்கும். நிறம் தரும் வேறொரு நொதியை ஒட்டவைத்த வைரஸ் பகுதியைச் சீரத்தோடு கலந்து அந்தக் குழியில் ஊற்றுவார்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் இல்லையென்றால் வைரஸ் பகுதி ஏசிஇ2-வைப் பற்றிக்கொள்ளும்; கழுவினாலும் போகாது; நிறம் வரும். எதிர்ப்பொருள் இருந்தால் அது வைரஸ் பகுதியை முன்பே மூடிவிடும், கழுவும்போது எல்லாம் போய்விடும், நிறம் மங்கும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. மூன்றாம் நிலைப் பாதுகாப்பு தேவையில்லை. 2020 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அவசரப் பயன்பாட்டு அனுமதி கொடுத்தது.

2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரைத் தாக்கியபோது 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து வெகுதூரம் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனைதான் அப்போது நோயாளிகளைத் தாங்கிய இடம். அன்று பிழைத்தவர்களில் எட்டுப் பேர், கொவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு ரத்தம் கொடுத்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பொருள் கொவிட் வைரஸை மட்டுமல்லாமல் அதன் குடும்பத்து வைரஸ்கள் பலவற்றையும் முடக்கியது என்ற ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதை அளந்ததும் இதே முறையின் விரிவாக்கம்தான். சார்ஸ் வைரஸும் கொவிட் வைரஸும் உள்ளே நுழையும் வாசல் ஒன்றே. அந்த வாசல் ஏசிஇ2.

ஏசிஇ2 நம் உடலில் வாசலாக இருப்பதற்காக உருவானது அல்ல. 2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டறிந்தபோது யாரும் வைரஸை நினைக்கவில்லை. ரத்த நாளங்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் இரண்டு என்ற சிறு புரதத்துண்டில் எட்டு அமினோ அமிலங்கள் உண்டு. ஏசிஇ2 அதன் வால்நுனியில் ஒன்றைக் கத்தரித்து ஏழாக்குகிறது. இறுக்கும் பொருள் தளர்த்தும் பொருளாகிவிடுகிறது. ரத்த அழுத்தத்தைச் சமநிலையில் வைக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. சிபாஸ் தட்டில் இந்தக் கத்தரிக்கு வேலையே இல்லை. அது வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதே குப்பியை வாங்கும் இன்னோர் ஆய்வாளருக்கோ கத்தரிப்பதுதான் முக்கியம். எவ்வளவு விரைவாகக் கத்தரிக்கிறது என்பதை வைத்து ஒரு மருந்து மூலக்கூறு அதைத் தடுக்கிறதா என்று பார்ப்பார். மூன்றாமவர் அதை உயிருள்ள செல்களின்மேல் ஊற்றி, செல்கள் என்ன செய்கின்றன என்று கவனிப்பார். பெயர் ஒன்று, குப்பி ஒன்று, கேட்கப்படும் கேள்விகள் மூன்று. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்டோடாக்சின் வரியைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

இந்த நொதி எப்படிச் செய்யப்படுகிறது? ஒரு காலத்தில் மனித நொதி வேண்டுமென்றால் மனித உடலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் யூரோகைனேஸை மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தார்கள். கோஷே நோய்க்கு 1991இல் அனுமதி பெற்ற முதல் நொதி மருந்து மனித நஞ்சுக்கொடியிலிருந்து வந்தது; ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கே ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994இல் அதே நொதி, வெள்ளெலியின் சூலகச் செல்களில் வளர்த்தெடுக்கப்பட்டு வந்தது. நஞ்சுக்கொடி சேகரிப்பு தேவையற்றுப் போனது. மறுசேர்க்கை என்ற சொல்லுக்குள் இருக்கும் பெரிய விடுதலை இதுதான்: நொதிக்கான மரபணுக் குறிப்பை எடுத்து, வேறொரு செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்லைச் செய்யச் சொல்வது.

எந்தச் செல் என்பதில்தான் நுட்பம். ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், செலவு குறைவு. ஆனால் மனிதப் புரதங்கள் பலவற்றின்மேல் கிளை கிளையாக ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை அதனால் மனிதச் செல் செய்வதுபோல் கட்ட முடியாது. ஏசிஇ2-வில் அப்படிச் சர்க்கரை ஒட்டும் இடங்கள் ஏழு. ஆகவே அதற்கு மனிதச் செல்லே நல்லது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1973இல் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லிலிருந்து உருவாக்கிய ஹெச்இகே 293 என்ற செல்வழி இன்று உலகெங்கும் இதற்காகப் பயன்படுகிறது. 293 என்பது அதை உருவாக்கிய ஆய்வாளரின் பரிசோதனை எண். அந்தச் செல்கள் ஏசிஇ2-வின் வெளிப்பகுதியை மட்டும் செய்து, தாங்கள் வளரும் திரவத்தில் விட்டுவிடும். புரதத்தின் நுனியில் ஆறு ஹிஸ்டிடின்களைக் கொண்ட ஒரு வாலைச் சேர்த்திருப்பார்கள். நிக்கல் பொதிந்த குழலின் வழியே திரவத்தை ஓடவிட்டால் வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். பிறகு நொதியைப் பிரித்து, சிறு குப்பிகளில் பங்கிட்டு, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் குப்பிக்குள் நொதி தனியாக வருவதில்லை. கூட வரும் பொருள்களில் மிகவும் தொல்லை தருவது எண்டோடாக்சின். ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரே அதனால் ஆனது. ஒரு பாக்டீரியாவின்மேல் ஏறத்தாழ பத்து லட்சம் மூலக்கூறுகள். ஈ.கோலையில் நொதியை வளர்த்து, செல்லை உடைத்து நொதியை எடுக்கும்போது அந்தச் சுவரும் சேர்ந்து சிதறுகிறது, புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மனிதச் செல்லில் வளர்த்தாலும் தண்ணீரிலிருந்தோ பிரிக்கும் குழலிலிருந்தோ வந்து சேர வாய்ப்பு உண்டு. பாக்டீரியா செத்துப்போனாலும் இது சாகாது, ஏனென்றால் இது உயிரே அல்ல. ஆட்டோகிளேவின் 121 டிகிரி வெப்பம் இதை முழுதாக அழிப்பதில்லை. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து நீக்க வேண்டுமென்றால் 250 டிகிரியில் அரை மணி நேரம் உலர்வெப்பத்தில் வைக்க வேண்டும். எந்த நொதி அந்தச் சூட்டைத் தாங்கும்?

நம் ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், அளவு கூடினால் ரத்த அழுத்தம் சரிந்து மரணம். நம் நோய் எதிர்ப்புச் செல்களின்மேல் டிஎல்ஆர்4 என்ற உணர்வி உண்டு. எண்டோடாக்சினை அறியும் காவல் அது. 1998இல் இதை நிறுவிய புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபெல் பரிசு பெற்றார். இந்தக் காவல் மிகமிகக் கூர்மையானது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவைக்கூட மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் மோப்பம் பிடித்துவிடும்.

இப்போது தரத்தாளின் அந்த வரியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு ஒரு எண்டோடாக்சின் அலகுக்கும் குறைவு. படிப்பவருக்கு நிம்மதி தரும் வரி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அலகு என்பது ஏறத்தாழ 0.1 நானோகிராம். செல்களின்மேல் ஊற்றும் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் நொதி சேர்ப்பது சாதாரணம். வரியில் சொன்ன எல்லைக்கு ஒட்டி வந்த குப்பியென்றால், ஒரு மில்லிலிட்டரில் 10 அலகு, அதாவது 1 நானோகிராம் எண்டோடாக்சின் சேர்ந்துவிடுகிறது. மேக்ரோஃபேஜ்களைக் கொதித்தெழச் செய்ய அது போதும். சான்றிதழ் சரியாகவே இருக்கிறது, குப்பி தேர்ச்சி பெற்றுவிட்டது, பரிசோதனையோ கெட்டுவிட்டது. அதே குப்பியை சிபாஸ் போன்ற தட்டில் பூசினால் இந்த அளவால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அங்கே கோபப்பட உயிருள்ள செல் எதுவும் இல்லை.

இது கற்பனை அச்சமல்ல. வெப்பம் தாக்கும்போது செல்லில் பெருகும் ஹெச்எஸ்பி70 என்ற மனிதப் புரதத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உடைக்கும் திறன் கொண்ட புரதம் அது. மறுசேர்க்கை முறையில் செய்த ஹெச்எஸ்பி70-ஐ நோய் எதிர்ப்புச் செல்களில் சேர்த்தால் அவை அழற்சிப் பொருள்களைப் பொழிகின்றன என்று 1990களின் இறுதியிலிருந்து ஆய்வுக்கட்டுரைகள் வந்தன. காயம்பட்ட செல், தன் புரதத்தை வெளியே விட்டு உடலுக்கு அபாய அறிவிப்புச் செய்கிறது என்ற அழகான கருத்து அதன்மேல் எழுந்தது. 2003இல் பாவோசோங் காவோ, மின்-ஃபு சான் என்ற இருவர் அதே புரதத்தின் எண்டோடாக்சினை நன்றாக நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். பொழிவு நின்றுவிட்டது. செல்களைத் தூண்டியது மனிதப் புரதமல்ல, அதோடு வந்த பாக்டீரியாச் சுவரின் துகள். அந்தக் கருத்து முழுவதும் தவறு என்று சொல்ல முடியாது, அதன்பிறகும் விவாதம் நீண்டது. ஆனால் அதற்குச் சான்றாக நின்ற பரிசோதனைகளில் எத்தனை பேர் தங்கள் குப்பியில் என்ன இருந்தது என்று அறிந்திருந்தார்கள்? வருடக்கணக்கான உழைப்பும் பொதுமக்களின் வரிப்பணமும் இப்படிக் கரைவதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

சரி, இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளக்கிறார்கள்?

முதலில் முயல்களை வைத்து அளந்தார்கள். ஊசிமருந்துக்குப் பின் வரும் காய்ச்சலுக்குக் காரணம் மருந்தல்ல, வாலைவடித்த நீரில் இருந்த பாக்டீரியாப் பொருள்தான் என்று அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் சீபர்ட் 1923இல் காட்டினார். 1942இல் முயல் சோதனை அமெரிக்க மருந்துத் தரநூலில் ஏறியது. முயலின் காதிலுள்ள ரத்த நாளத்தில் மருந்தைச் செலுத்தி, அதன் உடல்வெப்பம் ஏறுகிறதா என்று மணிக்கணக்கில் பார்ப்பார்கள். 1956இல் ஃபிரெடெரிக் பாங் என்ற ஆய்வாளர் வேறொன்றைக் கவனித்தார். குதிரைலாட நண்டின் ரத்தம் பாக்டீரியாவைச் சந்தித்த உடனே கூழாக உறைகிறது. ஜாக் லெவினோடு சேர்ந்து அவர் அதை எண்டோடாக்சின் சோதனையாக வளர்த்தார். நண்டின் ரத்தச் செல்லைப் பிழிந்தெடுத்த அந்தச் சாற்றுக்கு எல்ஏஎல் என்று பெயர். 1977இல் முயலுக்கு மாற்றாக அதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழிவிட்டது. லட்சக்கணக்கான முயல்கள் தப்பின. சுமை நண்டுகளின்மேல் இறங்கியது.

குதிரைலாட நண்டு உண்மையில் நண்டே அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. ரத்தம் நீலம், ஏனென்றால் அதில் இரும்புக்குப் பதில் செம்பு. உலகில் எஞ்சியவை நான்கு இனங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒன்று, மற்ற மூன்றும் ஆசியாவில். ஒடிசாவின் பாலேஸ்வர் கரையில் இரண்டு இனங்கள் உண்டு. அதே இரண்டும் சிங்கப்பூரிலும் உண்டு. மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்பார்கள். கிராஞ்சி, மண்டாய் பக்கத்து அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்வது அவற்றில் சிறியது, உருண்ட வால் கொண்டது. கடல் வற்றும் வேளையில் சேற்றின்மேல் அது இழுத்துப்போன தடம் தெரியும்.

இங்கேதான் தேக்காவின் பக்கத்துக் கதை சேருகிறது. புக்கித் தீமா சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாக இன்று இருக்கும் கட்டடம் ஒருகாலத்தில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலையில் மாடு வளர்ப்பும் மாட்டு வணிகமும் செழித்த நாள்களின் நினைவு அது. 1966இல் உலகிலேயே அதிகப் பிரசவம் நடந்த மருத்துவமனை என்று பெயர் எடுத்தது. இங்கேதான் 1983 மே 19 அன்று சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம், இலங்கைத் தமிழர். தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு அந்தக் கட்டடத்தைக் கடந்து போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் கரு சில நாள் ஒரு திரவத்தில் வாழ வேண்டும். அந்தத் திரவம் எவ்வளவு தூய்மையானது என்பதைப் பொறுத்தது அதன் உயிர். 1980களில், சிங்கப்பூரில் இந்தத் துறை வளர்ந்துகொண்டிருந்தபோது, கருக்கள் சரியாக நிலைக்காததற்கு எண்டோடாக்சின் காரணமாக இருக்குமோ என்ற கேள்வி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த டிங் ஜியாக் லிங், ஹோ பௌ என்ற தம்பதியிடம் வந்தது. டிங் உயிரியலாளர், கணவர் ஹோ நுண்ணுயிரியலாளர். சோதித்துப் பார்க்க எல்ஏஎல் வேண்டும். விலையோ மிக அதிகம். உள்ளூர்ச் சேற்றிலேயே குதிரைலாட நண்டு இருக்கிறதே என்று இருவரும் அலையாத்திக் காட்டில் இறங்கினார்கள். ஆனால் உள்ளூர் இனம் சிறியது, ரத்தமும் கொஞ்சம்தான். தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டே போனால் இந்தச் சிறிய தீவில் நண்டே மிஞ்சாது. ஆகவே, நண்டின் ரத்தத்தில் எண்டோடாக்சினை முதலில் உணரும் நொதியை மட்டும் தனியே பிடித்து, நண்டுக்கு வெளியே செய்வது என்று முடிவெடுத்தார்கள்.

அந்த நொதியின் பெயர் காரணி சி. நண்டின் ரத்தம் உறைவது ஒரு சங்கிலி வேலை. எண்டோடாக்சின் வந்து தொட்டதும் தூங்கிக்கொண்டிருந்த காரணி சி விழிக்கும், அது இன்னொரு நொதியை எழுப்பும், அது மூன்றாவதை, கடைசியில் கூழ். முதலில் விழிப்பவனைப் பிடித்தால் போதும், மற்றவர்கள் தேவையில்லை. காரணி சி ஒரு பொருளை வெட்டும்போது ஒளிரும்படி அந்தப் பொருளை அமைத்துவிட்டால், எவ்வளவு ஒளி என்பதே எவ்வளவு எண்டோடாக்சின் என்ற கணக்காகிவிடும். சங்கிலியில் வேறொரு கிளையும் உண்டு. பூஞ்சைச் சர்க்கரை தொட்டால் எழுவது அது. எல்ஏஎல் சில நேரம் அதனால் ஏமாந்து, எண்டோடாக்சின் இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்லிவிடும். காரணி சி மட்டும் உள்ள சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை.

சிங்கப்பூர் இனத்தின் காரணி சி மரபணுவைப் படித்து அவர்கள் 1995இல் வெளியிட்டார்கள். அதை ஈஸ்ட்டில் வைத்துப் பார்த்தார்கள். புரதம் வந்தது, எதிர்பார்த்த விழிப்பு வரவில்லை. கடைசியில் பூச்சிச் செல்தான் கைகொடுத்தது. குதிரைலாட நண்டும் பூச்சியும் கணுக்காலிகள். புரதத்தை மடிக்கும் கைப்பழக்கம் ஒத்துப்போனது என்று கொள்ளலாம். 2001இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் முழுநீளக் காரணி சி உருவானது எஸ்எஃப்9 என்ற செல்வழியில். இந்தச் செல் எதிலிருந்து வந்தது தெரியுமா? 2018இலிருந்து தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகளின் வயிற்றில் அடித்த படைப்புழுவின் சூலகத் திசுவிலிருந்து. பெரம்பலூர்ப் பக்கம் வயல்களை மொட்டையடித்த அதே இனத்தின் செல், ஆய்வகத்தில் நண்டுகளின் உயிரைக் காக்கும் நொதியைச் செய்து தந்தது.

1998இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2003இல் மறுசேர்க்கைக் காரணி சி, பைரோஜீன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்குள் அமெரிக்கக் கரையில் நண்டுகளின் நிலைமை கவலைக்குரியதாகிவிட்டது. அவற்றின் முட்டையைத் தின்று ஆர்க்டிக் வரை பறக்கும் ரெட் நாட் என்ற பறவை தேய்ந்துகொண்டே போனது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நண்டுகள் அங்கே ரத்தமெடுப்புக்குப் பிடிக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு ரத்தம் எடுத்துக் கடலில் விடுகிறார்கள். அவற்றில் நூற்றுக்குப் பதினைந்து சாவதாக மீன்வள அதிகாரிகளே கணக்கிடுகிறார்கள், சில ஆய்வுகள் முப்பது வரை சொல்கின்றன. ஆசியாவின் பெரிய இனம் 2019இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மாற்று கையில் இருந்தும் மருந்துத் துறை அசையவில்லை. தொடக்கத்தில் ஒரே நிறுவனம்தான் விற்றது; அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் நியாயமானதே. நோயாளியின் ரத்த நாளத்துக்குள் போகும் மருந்தில் பழகிய அளவுகோலைச் சட்டென மாற்ற எந்தப் பொறுப்பான அதிகாரியும் யோசிப்பார். எலி லில்லி நிறுவனம் ஒற்றைத் தலைவலிக்கான தன் மருந்தை மறுசேர்க்கைக் காரணி சி கொண்டு சோதித்து 2018 செப்டம்பரில் அனுமதி பெற்றது. அப்படிப் பெற்ற முதல் மருந்து அது. ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021 ஜனவரி முதல் இந்த முறையை ஏற்றது. அமெரிக்கத் தரநூலோ 2020இல் ஏற்கப் போவதுபோல் வந்து பின்வாங்கியது. தனி அத்தியாயமாக 2024இல் ஒப்புதல் தந்து, 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சந்தைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டு.

மருந்துக்காரர்களின் தயக்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆராய்ச்சிக்கு நொதி விற்பவர்களின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை. குப்பியின்மேல் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதிய நொடியிலேயே மருந்துத் தரநூலின் கட்டாயம் அவர்கள்மேல் விழாது. எந்த முறையில் அளப்பது என்பது அவர்கள் கையில்தான் இருந்தது; 2003இலேயே மாறியிருக்கலாம். இன்றும் எத்தனையோ மனித நொதிகளின் தரத்தாளில் எல்ஏஎல் முறையில் அளந்தது என்றே எழுதியிருக்கிறது. மனித உடலிலிருந்து எடுக்காமலே மனித நொதியைச் செய்ய முடியும் என்று காட்டுவதற்காகவே பிறந்த ஒரு தொழில், தன் தூய்மையை நிரூபிக்க மட்டும் இன்னோர் உயிரின் ரத்தத்தை எடுக்கிறது. இது மாற வேண்டும். மாற்றுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

மண்டாய்ச் சேற்றுப்பரப்பில் சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தின் தொண்டர்கள் கைவிடப்பட்ட மீன்வலைகளில் சிக்கிய குதிரைலாட நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அளந்து, விட்டிருக்கிறார்கள். வலையிலிருந்து ஒரு நண்டை முள்ளும் காலும் ஒடியாமல் எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. 2018இல் அந்தப் பகுதியை இயற்கைப் பூங்காவாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டு உள்ளூர் இனங்களும் சிங்கப்பூரின் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய சிவப்புத் தரவு நூலில் இடம்பெற்றிருக்கின்றன.

புவன விஸ்தாவின் பயோபோலிஸ் ஆய்வகங்களிலோ சென்னை, மதுரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலோ நொதி வாங்கும் பொறுப்பில் இருக்கும் இளைய ஆய்வாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். குப்பியை உயிருள்ள செல்லில் ஊற்றப் போகிறீர்கள் என்றால், சான்றிதழ் சொல்லும் எல்லையை நீங்கள் சேர்க்கப்போகும் அளவால் பெருக்கிப் பாருங்கள். பரிசோதனையில் ஒரு பங்கைக் கொதிக்க வைத்தும் ஊற்றுங்கள், நொதி குலைந்த பிறகும் விளைவு தொடர்ந்தால் அது நொதியின் வேலையல்ல. அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது, எண்டோடாக்சினை எந்த முறையில் அளந்தீர்கள், மறுசேர்க்கைக் காரணி சி கொண்டு அளந்து தர முடியுமா என்று விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்பவர்கள் பெருகினால் விற்பவர்கள் மாறுவார்கள்.